குங்குமப் பக்கத்து மாத்திரை

எந்தப் பக்கத்து மாத்திரை அது? மஞ்சள் பக்கமா, குங்குமப் பக்கமா? முழுங்கியாச்சு. மேல தண்ணியும் குடிச்சாச்சு. தொண்டையைத் தாண்டி இறங்கினது தெரிஞ்சுது, ஆனா எது இறங்குச்சுன்னு தொண்டைக்குத் தெரியுமா, அதுக்கு என்ன கண்ணா இருக்கு? ரெண்டும் வெள்ளை, ரெண்டும் பொடிசு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு கோடு. மஞ்சள் பக்கத்துல இருந்தது பிரஷர் மாத்திரை, மத்தியானச் சோத்துக்கு மேல போடுறது. குங்குமப் பக்கத்துல இருந்தது தூக்க மாத்திரை, ராத்திரி படுக்கப் போறப்ப போடுறது. இந்தச் சூசை அண்ணாச்சி சரியா அந்த நேரம் பார்த்தா முன்னாடி வேன்ல இருந்து தலையை நீட்டி, "பேச்சித்தாயி, டீ சொல்லட்டா?"ன்னு கத்தணும்? வேண்டாம்னு கையை ஆட்டினேன். ஆட்டின கையிலதான் சிமிழ் இருந்துச்சு. நவராத்திரிக்கு எவளோ வெத்தலை பாக்கோட வச்சுக் கொடுத்த பிளாஸ்டிக் சிமிழ், ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் குங்குமம். எல்லா வீட்டுலயும் அஞ்சாறு கிடக்குமே, அதுல ஒண்ணு. ரெண்டு மூடியும் சேர்ந்து திறந்து ரெண்டு மாத்திரையும் உள்ளங்கையில விழுந்துச்சு, ஒண்ணு துள்ளி எங்கேயோ போயிருச்சு, மிச்சம் நின்னதை அப்படியே வாயில போட்டுட்டேன். பார்த்துப் போட்டா என்னடி? பார்க்கலையே. உள்ளங்கையைப் பார்க்குறேன், செவப்பா ஒரு தீத்தல் இருக்கு. இருக்கத்தானே செய்யும், சிமிழ்ல இருந்த குங்குமப் பொடியும் சேர்ந்துதானே கொட்டுச்சு. கை சாட்சி சொல்லாது. துள்ளி ஓடின மாத்திரை கிடைச்சாத் தெரிஞ்சிரும். ராத்திரி மாத்திரை காலையில இருந்து குங்குமத்துலயே கிடக்குறதால பொட்டு வச்ச மாதிரி செவந்துதான் கிடக்கும். ரப்பர் மேட்டைத் தூக்கிப் பார்த்தாச்சு. பிரேக்குக்கு அடியில கையை விட்டுத் துழாவியாச்சு. ஒரு கிரேயான் துண்டு கிடைச்சுது, ஒரு கிளிப்பு, யாரோ சப்பிப் போட்ட புளிப்பு மிட்டாய். மாத்திரையைக் காணோம். கதவு வேற திறந்து கிடந்துச்சு, வெளியே விழுந்து மண்ணுல போயிருக்கும். கோழி கொத்தியிருக்கும். அந்தக் கோழியாவது நல்லாத் தூங்கட்டும்.

பதறாத பேச்சி. பிரஷர் மாத்திரையாத்தான் இருக்கும். பாதிக்குப் பாதி. ஆனா பாதிக்குப் பாதின்னா என்ன கணக்கு அது, என் வேன்ல வர்றது பாதிப் பிள்ளைகளா? பெல் அடிச்சதும் பதினாலு பிள்ளைகளை ஏத்திக்கிட்டு கண்மாய்க்கரை மேல போகணும். இந்தப் பக்கம் தண்ணி, அந்தப் பக்கம் பள்ளம், எதிர்ல தீப்பெட்டி ஆபீஸ் லாரி வந்தா ஓரத்துல ஒரு சாண்தான் மிஞ்சும். பாதிக்குப் பாதி சரியா இருக்கும்னு அந்தப் பிள்ளைகளோட ஆத்தாமார்கிட்ட சொல்ல முடியுமா? வேனுக்குப் பின்னாடி போய் தொண்டைக்குள்ள விரலை விட்டுப் பார்த்தேன். கண்ணுல தண்ணி வந்துச்சு, விக்கல் வந்துச்சு, மாத்திரை வரல. திரும்பி வந்து உக்காந்தேன். வெயில் கரிசல்ல அடிச்சு அப்படியே மூஞ்சிக்குத் திரும்புது. பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி வேப்பமர நிழல்ல எங்க வேன் எல்லாம் வரிசையா நிக்கும், மத்தியானம் வீட்டுக்குப் போய் வந்தா டீசலுக்குக் கட்டாதுன்னு எல்லாரும் இங்கேயே சாப்பிட்டு இங்கேயே படுத்துருவாங்க. மாடசாமி ரெண்டு காலையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கிட்டு வாயைப் பிளந்து தூங்குறான். சூசை அண்ணாச்சி டீயைக் குடிச்ச கையோட மூஞ்சியில துண்டைப் போட்டாரு, அடுத்த நிமிஷம் குறட்டை. டீயைக் குடிச்சிட்டு எப்படிய்யா தூங்குற நீ! இந்த வரிசையில ஒரே பொம்பளை நான்தான், முழிச்சுக் கிடக்குற ஒரே ஆளும் நான்தான். தினமும் இவங்க குறட்டையைக் கேட்டு வயிறு எரிஞ்சிருக்கேன். கடவுளே, எனக்கும் ஒரு கால் மணி நேரம் கொடேன்னு கேட்டிருக்கேன். இன்னைக்குக் கேக்கல. கொடுத்துராத சாமி, இன்னைக்கு மட்டும் கொடுத்துராத.

சித்திரையில ஆரம்பிச்சது. வயசு அப்படி. தீட்டு நிக்கிற காலத்துல உடம்பு உள்ளுக்குள்ள அடுப்பு மாதிரி எரியுது, போர்வையைத் தள்ளுனா குளிருது, போத்துனா வேர்க்குது. பக்கத்துல அவுக, எங்க வீட்டுக்காரரு, தீப்பெட்டி ஆபீஸ்ல நாள் முழுக்க நின்னுட்டு வந்து மரக்கட்டையாக் கிடப்பாக. தட்டி எழுப்பி "தூக்கம் வரல"ன்னா, "கண்ணை மூடு, வரும்"பாக. கண்ணை மூடத் தெரியாமலா கிடக்கேன்! அப்புறம்தான் அந்த டாக்டரம்மாகிட்ட போனேன். சின்னப் பொண்ணு, என் மக வயசு இருக்கும், பொறுமையாப் பேசுச்சு. மத்தியானத்துக்கு மேல டீயைக் குறைங்கம்மா, படுக்கையில போனைப் பார்க்காதீங்கன்னு முதல்ல அதையெல்லாம்தான் சொல்லி அனுப்புச்சு. மறுபடி போய் அழுதப்புறம்தான் மாத்திரை எழுதுச்சு. "இது கொஞ்ச நாளைக்குத்தான்மா, திரும்ப என்னை வந்து பார்த்துரணும். பாயை விரிச்சிட்டுப் போடுங்க. போட்டா ராத்திரி முழுசும் மிச்சம் இருக்கணும். தூக்கம் வரலையேன்னு நடுராத்திரி எந்திரிச்சுப் போடக் கூடாது. ஒண்ணு கேக்கலைன்னு இன்னொண்ணு போடக் கூடாது. இருமல் டானிக், சளி மாத்திரை எது குடிக்கிறதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டுக் குடிங்க. யாருக்கும் எடுத்துக் கொடுத்துராதீங்க. சிலருக்கு மறுநாள் காலையிலயும் அந்த மந்தம் இருக்கும், மந்தம் இருக்கிறவங்களுக்கே மந்தம் தெரியாதும்மா, அப்ப வண்டி கிண்டி ஓட்டுறது…" அந்த இடத்துல நிமிர்ந்து என்னைப் பார்த்துச்சு. நான் சேலையில இருந்தேன். வேன் ஓட்டுறப்ப சேலைக்கு மேல போடுற காக்கிச் சட்டை மடிச்சுப் பைக்குள்ள இருந்துச்சு. "நீங்க வீட்லதானே இருக்கீங்க?"ன்னு கேட்டுச்சு. நான் தலையாட்டினேன். வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லல, சும்மா தலையாட்டினேன். வேன் ஓட்டுறேன்னு சொன்னா மாத்திரை எழுத மாட்டாளோன்னு பயம். என்ன ஒரு பயம் பாரு, எந்த இடத்துல பயப்படணுமோ அந்த இடத்தை விட்டுட்டு.

பயம்னு சொன்னா அதுக்கா பஞ்சம். வாங்கி வந்த அட்டையை அரிசி டிரம்முக்கு அடியில ஒளிச்சு வச்சேன். நம்ம பக்கத்துல தூக்க மாத்திரைன்னா ஒரே அர்த்தம்தான், ஆம்புலன்சு, போலீசு, வாசல் நிறைய ஒப்பாரி. அவுக கண்ணுல பட்டா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருவாக. ராத்திரி அடுப்படியில டிரம்மை உருட்டினா சத்தம் கேக்கும்னுதான் காலையிலயே ஒண்ணைப் பிச்சு சிமிழ்ல போட்டுக்கிடுறது. பிரஷர் மாத்திரைக்கும் ஒரு இடம் ஆச்சேன்னு அதையும் மறுபக்கம் போட்டேன். பெரிய மூளைக்காரின்னு நினைப்பு எனக்கு. பாயை விரிச்சதும் போட்டேனா, அதுவும் கிடையாது. உடனே போட்டா பழகிருமோன்னு பயம். தானா வருதா பார்ப்போம், இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்னு முகட்டைப் பார்த்துக்கிட்டே கிடந்து, இனி விட்டா விடிஞ்சிரும்னு தெரிஞ்சப்புறம் எந்திரிச்சுப் போடுவேன். போட்ட கொஞ்ச நேரத்துல கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி தூக்கம். விழுந்து தரையைத் தொடுறதுக்குள்ள அலாரம் அடிச்சிரும். எந்திரிச்சு, குளிச்சு, காக்கிச் சட்டையை மாட்டி, கையை மடிச்சு விட்டுக்கிட்டு வேனை எடுப்பேன். நல்லாத்தானே ஓட்டினேன். நல்லாத்தான் ஓட்டினேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், நேத்து வரைக்கும்.

நேத்தைப் பத்தி இப்ப நினைக்க வேண்டாம். இப்ப என்ன, வயித்துக்குள்ள இருக்கிறது எதுன்னு பார்க்கணும். உடம்பைக் கவனி. கை மரத்துப் போகுதா? இல்ல. நாக்கு கசக்குதா? ஊறுகாய் தின்ன நாக்கு, அது என்ன சொல்லும். அந்த வேப்பங்கிளையைப் பாரு, ஒண்ணாத் தெரியுதா, ரெண்டாத் தெரியுதா? ஒண்ணு. பள்ளிக்கூடத்துக்குள்ள வாய்ப்பாடு சொல்ற சத்தம் கேக்குது, ஏழாம் வாய்ப்பாடு, எல்லாப் பிள்ளைகளும் ஒரே ராகத்துல இழுக்குது. ஏழு எட்டு அம்பத்தாறு. நானும் கூடச் சொன்னேன், தப்பில்லாமத்தான் வருது. அப்ப பிரஷர் மாத்திரைதான். பார்த்தியா, வீணாப் பதறின. ஏழு ஒம்பது… அப்ப வந்துச்சு. கொட்டாவி. வாயை அடைச்சும் அடங்காத கொட்டாவி, கண்ணு ரெண்டுலயும் தண்ணி முட்டுற மாதிரி. எத்தனை மாசமாக் காத்துக் கிடந்தேன் இந்தச் சனியனுக்கு! வெந்நீர் குடிச்சேன், பால் குடிச்சேன், பாதத்துல விளக்கெண்ணெய் தேய்ச்சேன், எண்ணி எண்ணிப் பார்த்தேன், வரலையே. இன்னைக்கு மட்டும் கூப்பிடாம வந்து நிக்குது. போ. போயிரு. அடுத்த கொட்டாவி. கண்ணு இமை கீழே இழுக்குது. இது மாத்திரையா, சோறா, வெயிலா, இத்தனை மாசத்துக் கடன் தூக்கமா? எது எதுன்னு யாரு பிரிச்சுச் சொல்றது? மூஞ்சியில தண்ணி அடிச்சேன். சீட்டுல இருந்து எந்திரிச்சு வேனைச் சுத்தி வந்தேன். மாடசாமியோட கால் பெருவிரலு என் தோள்ல இடிச்சுது, அவன் அசையக்கூட இல்ல. கடுங்காப்பி குடிச்சாத் தெளிஞ்சிரும்னு கடைப் பக்கம் ரெண்டு எட்டு வச்சேன். தெளியிற மாதிரி இருக்கும், தெளிஞ்சிருக்காது. அதைத்தானே டாக்டரம்மா சொல்லிச்சு, மந்தம் இருக்கிறவங்களுக்கே மந்தம் தெரியாதும்மான்னு. தெரியாதும்மா. தெரியாது. அந்த வார்த்தை அங்கேயே என்னை நிப்பாட்டிருச்சு, ஏன்னா நேத்து எனக்குத் தெரியலையே.

நேத்துக் காலையில கண்மாய்க்கரை வரைக்கும் ஞாபகம் இருக்கு. கரை மேல எருமை ஒண்ணு நின்னுச்சு, ஒதுங்குற வரைக்கும் நின்னு போனேன். அதுக்கப்புறம் பள்ளிக்கூட கேட்டு. நடுவுல இருக்கிற ரோடு இல்ல. வாழைக்காய்க் கமிஷன் கடை, வேகத்தடை, ரயில்வே கேட், பெட்ரோல் பங்கு, ஒண்ணும் இல்ல. யாரோ கத்தரியை வச்சு நறுக்கி எடுத்த மாதிரி. பிள்ளைகளை இறக்கி விடுறேன், எப்பவும் எனக்குப் பின்னாடி உக்காருற யூகேஜி மிதுனா, "அத்தை, சஞ்சய் வீட்டுல நாம நிக்கவே இல்லையே"ங்குறா. சஞ்சய் வீடு பங்கைத் தாண்டினதும் வரும். கொஞ்ச நேரத்துல அவங்க அம்மா, கான்வென்ட் டீச்சரு, ஸ்கூட்டர்ல பையனை ஏத்திக்கிட்டு வந்து எல்லா டிரைவரும் பார்க்க கேட்டுல வச்சுப் பிடிச்சுக்கிட்டாங்க. "எங்க வீட்டு வாசல்ல நிக்காம என்னம்மா அவசரம் உங்களுக்கு?" நான் என்ன சொன்னேன்? "ஆரன் அடிச்சேன் டீச்சர், நீங்கதான் வெளியே வரல." சொன்ன உடனே எனக்கே அது நிஜம் மாதிரி இருந்துச்சு. அடிச்சிருப்பேன். தினமும் அடிக்கிற கைதானே. அடிச்சேனா? பாம் பாம்னு ரெண்டு தரம் அடிப்பேன், அந்தச் சத்தம் காதுல இருக்கு, ஆனா அது நேத்து அடிச்சதா, முந்தாநாள் அடிச்சதா? மூணு வருஷத்து ஆரன் சத்தமும் ஒரே சத்தமாத்தானே இருக்கு. டீச்சரு என் மூஞ்சியையே பார்த்தாங்க, அப்புறம் ஸ்கூட்டரைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாங்க. மாடசாமி, "விடுக்கா, டீச்சர்னாலே அப்படித்தான்"னு சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். ரயில்வே கேட்டு. அது திறந்து இருந்துச்சா, மூடி இருந்துச்சா? மூடி இருந்தா நின்னுதானே இருப்பேன். நின்னேனா?

யாருகிட்ட சொல்றது? அவுகளுக்குப் போன் போட்டா மெஷின் சத்தத்துல கேக்காது, கேட்டாலும் தூக்க மாத்திரைங்கிற ஒரு வார்த்தைதான் கேக்கும். பள்ளிக்கூட ஆபீஸ்ல சொன்னா நாளைக்கே ஊரெல்லாம் பேச்சு. தூக்க மாத்திரை போடுறவ வேன்ல எவ பிள்ளையை அனுப்புவா? நானா இருந்தா அனுப்புவேனா? பொம்பளைக்கு எதுக்கு வேனுன்னு கேட்டவங்க முன்னாடி நிமிர்ந்து நின்னு எடுத்த வேன் இது. கேட்டவங்கள்ல முதல் ஆளு அந்தத் துண்டுக்குக் கீழே குறட்டை விட்டுக்கிட்டு இருக்கிற சூசை அண்ணாச்சிதான். "ஓட்டுறதுக்கு ஆம்பளைக்கா பஞ்சம் வந்துருச்சு?"ன்னு டீக்கடையில சத்தமாவே கேட்டாரு. நான் பிள்ளைகளை ஏத்துற லைன் மேல அவருக்கு எப்பவும் ஒரு கண்ணு. அவருகிட்டயா? மானங்கெட்டுப் போய் அவருகிட்டயா? ஓட்டிரலாம். மெதுவா ஓட்டினா என்ன. ஜன்னலைத் திறந்து வச்சு, பாட்டு போட்டு, தொடையைக் கிள்ளிக்கிட்டே ஓட்டினா… மறுபடி கொட்டாவி வந்துச்சு. கண்ணை மூடித் திறந்தேன், அவ்வளவுதான், ஒரு நிமிஷம்னு நினைச்சேன். வாய்ப்பாட்டுச் சத்தம் நின்னு போயிருந்துச்சு. நிழல் என் டயரை விட்டு அடுத்த வேன் டயருக்குப் போயிருந்துச்சு. உடம்பெல்லாம் குப்புன்னு வேர்த்துருச்சு. செருப்பு போட மறந்து வெறுங்காலோட கொதிக்கிற மண்ணுல ஓடினேன்.

"அண்ணாச்சி. அண்ணாச்சி, எந்திரிங்க." துண்டை இழுத்தேன். "பெல் அடிச்சிருச்சா?"ன்னு வாரிச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சாரு. "அடிக்கல. சாயங்காலம் என் வேனை நீங்க ஓட்டணும்." "ஏன், என்ன செய்யுது உனக்கு?" சொல்லு பேச்சி, சொல்லித் தொலை. "தூக்க மாத்திரையைப் போட்டுட்டேன் அண்ணாச்சி." அவ்வளவுதான், மனுஷன் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. "எத்தனை? அடிப் பாவி, எத்தனை போட்ட? வீட்டுல சண்டையா? டேய் மாடசாமி, 108-க்கு அடிடா!" "ஐயோ அது இல்ல, கத்தாதீங்க! ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதான். டாக்டர் எழுதிக் கொடுத்தது. ராத்திரி மாத்திரையும் மத்தியான மாத்திரையும் மாறிப் போச்சோன்னு சந்தேகம், அவ்வளவுதான்." "ஒண்ணுதானா? மாதா சத்தியமா?" "உங்க மாதா சத்தியமா." கையை விட்டாரு. நெஞ்சை நீவிக்கிட்டாரு. அப்புறம்தான் கோவம் வந்துச்சு. "ஒரு நிமிஷத்துல உசிரை எடுத்துட்டியே சனியனே! சந்தேகம்னா அப்பவே எழுப்ப வேண்டியதுதானே, பிள்ளைக உசிரில்லையா? கொண்டா சாவியை." இடுப்புல இருந்த சாவியை எடுத்துக் கொடுத்தேன். கேலி பண்ணுவாருன்னு பார்த்தேன், பண்ணல. மாடசாமி வண்டி பெருசு, பாதி காலியாத்தான் போகும், அண்ணாச்சியோட வேன் பிள்ளைகளை அவன் ஏத்திக்கிடட்டும், ரெண்டும் ஒரே ரோடுதானேன்னு மடமடன்னு ஏற்பாடு பண்ணிட்டாரு. "போ, போய் மூஞ்சியைக் கழுவு, பேயறைஞ்ச மாதிரி இருக்க"ன்னாரு. எனக்கு அழுகை வந்துச்சு. அவர் நல்லா இருந்ததுதான் தாங்க முடியல.

சுவரோரத்துல இருக்கிற குழாயைத் திறந்து, கழுவுறதுக்காக காக்கிச் சட்டையோட மடிச்ச கையை இன்னும் மேல ஏத்தினேன். மடிப்புக்குள்ள என்னமோ பொடுக்குன்னு இருந்துச்சு. பிரிச்சேன். மாத்திரை. வேர்வையில லேசாக் கரைஞ்சு, நடுக்கோட்டுக்குள்ள குங்குமம் அப்பிப் போய் இருந்துச்சு. ராத்திரி மாத்திரை. முழுசா இருந்துச்சு. அப்படின்னா நான் முழுங்கினது பிரஷர் மாத்திரை! குழாயைத் திறந்து போட்டபடியே சிரிச்சேன். ஒண்ணும் இல்ல, ஒண்ணுமே இல்ல. அப்ப அந்தக் கொட்டாவி? நிழல் நகர்ந்ததே தெரியாமப் போச்சே, அந்தத் தூக்கம்? அது என்னோடதா? மாத்திரை இல்லாம வந்ததா? என் உடம்பு இன்னும் என்னை மறக்கலையா? ஓடிப்போய் அண்ணாச்சிகிட்ட கையை விரிச்சுக் காட்டினேன். "போடல அண்ணாச்சி, இங்க பாருங்க, இதுதான் அது, நான் போடவே இல்ல." அவரு மாத்திரையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, பெரிய மூச்சா விட்டாரு. "நல்லதாப் போச்சு. இந்தா பிடி." சாவியை நீட்டினாரு. நானும் கையை நீட்டினேன். சாவியில மிதுனா கோத்துக் கொடுத்த பாசி மணி தொங்குது. ஆரன் அடிச்சேனா? கை பாதியிலயே நின்னுச்சு. இப்ப போடல, சரி. நேத்து போட்டேன்ல. முந்தாநாள் போட்டேன்ல. மத்தியானம் போட்டிருப்பேனோன்னு இவ்வளவு பதறினவ, விடியப் போற நேரத்துல தெரிஞ்சே போட்டுட்டுத் தினமும் இந்த சாவியைத்தானே எடுத்தேன். "வேண்டாம் அண்ணாச்சி. நீங்களே ஓட்டுங்க." "ஏன், அதான் போடலைங்கியே?" "மத்தியானம் போடல. காலையில போட்டுட்டு ஓட்டுறேன். விடியப் போறப்ப போட்டுட்டு, மப்போட எந்திரிச்சு வந்து ஓட்டுறேன். நேத்து நான் ஆரன் அடிக்கல. ரயில்வே கேட்டைத் தாண்டினது எனக்கு ஞாபகமே இல்ல." சொல்லிட்டேன். அண்ணாச்சி என்னைப் பார்க்கல, வேனுக்குள்ள வரிசையா இருந்த குட்டிச் சீட்டைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. "ஒண்ணும் ஆகலையே"ன்னாரு கடைசியா. "ஆகல. இன்னும் ஆகல"ன்னேன். சாவியைத் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. "நாளைக்கும் நான்தான் எடுப்பேன். எத்தனை நாளைக்கு?" "டாக்டரைப் பார்த்துட்டு வர்ற வரைக்கும். நாளைக்குப் போறேன். இந்தக் காக்கிச் சட்டையோடவே போறேன்."

பெல் அடிச்சுது. பிள்ளைக பையை இழுத்துக்கிட்டு ஓடி வந்துச்சு. டிரைவர் சீட்டுல மீசை வச்ச ஆளைப் பார்த்ததும் எல்லாம் அப்படியே நின்னுச்சு. "அத்தை, நீங்க எங்க உக்காருவீங்க?" "உங்க கூட." ஒரே கும்மாளம். மிதுனா நகர்ந்து இடம் கொடுத்தா, முட்டி ரெண்டும் மோவாய்ல இடிக்க அந்தக் குட்டிச் சீட்டுல உக்காந்தேன். சஞ்சய் வீடு வந்துச்சு. பாம் பாம். ரெண்டு தரம். என் வேனோட ஆரன் வெளியே இருந்து கேட்டா இப்படித்தான் இருக்குமா, இவ்வளவு சத்தமாவா? இது அடிச்சா எந்த வீட்டுலயும் கேக்காமப் போகாது. டீச்சர் வாசலுக்கு வந்துட்டாங்க. அண்ணாச்சியைப் பார்த்தாங்க, பின்னாடி பிள்ளைகளோட உக்காந்திருந்த என்னைப் பார்த்தாங்க. சஞ்சயை இறக்கி விட்டுட்டு நானும் இறங்கி நின்னு சொன்னேன், "டீச்சர், நேத்து நான் ஆரன் அடிக்கல. தூக்கம் வராததுக்கு மாத்திரை சாப்பிடுறேன், அந்த மப்புல உங்க வீடு வந்ததே எனக்குத் தெரியல. இனிமே சரி பண்ணிக்கிட்டுத்தான் வண்டியைத் தொடுவேன்." அவங்க பையனை இடுப்போட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டாங்க. கத்துவாங்கன்னு நின்னேன். கத்தல. "நாளையில இருந்து நானே கொண்டு விட்டுக்கிடுறேன்"னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. ஒரு பிள்ளை போச்சு. நாளைக்கு இன்னும் எத்தனை போகுமோ. வலிச்சுது, வலிக்கத்தான் செய்யும். அந்தப் பையன் இடுப்போட ஒட்டிக்கிட்டு நின்னதைப் பார்த்ததும் வலி வேற மாதிரி ஆயிருச்சு.

பங்கு போச்சு. ரயில்வே கேட்டு திறந்திருந்துச்சு, இருந்தாலும் அண்ணாச்சி நிறுத்தி, ரெண்டு பக்கமும் பார்த்துட்டுத்தான் எடுத்தாரு. வேகத்தடை, ஒரு குலுக்கு. நேத்துத் தொலைச்ச ரோடு எல்லாம் ஒண்ணொண்ணா வந்துச்சு, இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கமா. கண்மாய்க்கரை மேல ஏறினதும் தண்ணிக் காத்து அடிச்சுது. யாரோ ஒரு பிள்ளை ஏழாம் வாய்ப்பாட்டை மறுபடி ஆரம்பிச்சுது, எல்லாம் கூடச் சேர்ந்து இழுத்துச்சு. எனக்குத் தூக்கம் வந்துச்சு. தடுக்கல. கிணத்துக்குள்ள விழுற தூக்கம் இல்ல இது, படி படியா இறங்குது, ஒவ்வொரு படியும் தெரியுது. தலை மிதுனா பையில சாய்ஞ்சுது, உள்ள டிபன் டப்பா காதுல குத்துது, குத்தட்டும். பாம் பாம். எந்த வீடு? "மெதுவா அடிங்க தாத்தா, அத்தை தூங்குறாங்க"ன்னு மிதுனா சொல்றா. மெதுவா வேண்டாம் அண்ணாச்சின்னு சொல்லணும்னு நினைச்சேன், நாக்கு அசையல. நல்லா அடிங்க. எல்லா வீட்டுலயும் கேக்கட்டும்.